நாக்குக்கு அடியில்

கட்டிலைப் பக்கவாட்டில் சாய்த்தால்தான் அறைக்கதவைத் தாண்டும் என்று கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் சொன்னபோது, சரி என்று சொல்லக்கூடச் சின்னவளுக்குத் தெம்பில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா போய் மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஒரு மாத வேலையைச் செய்து முடித்தவள் மாதிரி உடம்பெல்லாம் ஓய்ந்து கிடந்தது. அவரைக் கூடத்தில் பெஞ்சின் மேல் கிடத்தியாயிற்று. தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டியாயிற்று. அண்ணனுக்குப் போன் செய்தாயிற்று. தான் வேலை பார்க்கும் தபால் ஆபீஸுக்கும் சொல்லியாயிற்று. இனி வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டிலை வெளியே எடுப்பது.

"நீங்க கால்மாட்டைப் பிடிங்கக்கா. நான் சொல்றப்ப சாய்க்கணும். ஆ... இப்ப."

சாய்த்தார்கள். இரும்புக் கட்டில், அந்தக் காலத்துக் கனம். தலைமாட்டுக் குழாயின் உச்சியில் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடி நிலைக்கட்டையில் இடித்துத் தெறித்து ஓடியது. அதன் பின்னாலேயே குழாய்க்குள்ளிருந்து கலகலவென்று ஏதோ கொட்டத் தொடங்கியது. வெள்ளையும் மஞ்சளுமாக மாத்திரைகள். அவள் காலைச் சுற்றி ஓடின, கதவிடுக்கில் புகுந்தன, சுவரோரம் போய் நின்றன. இதோ நின்றுவிடும் என்று பார்த்தால் இன்னும் கொட்டிக்கொண்டே இருந்தது.

"என்னக்கா இது?"

குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள். மஞ்சள் மாத்திரை. மேல்பூச்சு பாதி போய், ஓரம் கரைந்து, பிறகு காய்ந்து இறுகியிருந்தது. வாயில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளியே வந்த மாத்திரை. கையில் எடுத்தவுடனே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதை ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

"தெரியல" என்றாள்.

எலக்ட்ரீஷியன் எதையும் துருவிக் கேட்கிற ஆளில்லை. கட்டிலைக் கொண்டுபோய் வெளித் தாழ்வாரத்தில் சுவரோடு சாய்த்துவிட்டு வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தான். அவள் சமையலறைக்குப் போய்க் காலியாக இருந்த ஒரு சளி டப்பாவை எடுத்து வந்தாள்.

சளி டப்பா என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். அப்பா வேலை பார்த்தது டி.பி. ஆபீஸில். நோயாளிகளிடம் சளி வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பத் திருகுமூடி போட்ட சின்ன டப்பாக்கள் கட்டுக்கட்டாக வரும். விளிம்பு உடைந்ததையும் மூடி சரியில்லாததையும் ஆபீஸில் கழித்துவிடுவார்கள். புதுசாயிற்றே என்று அவர் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார். பட்டன், குண்டூசி, மிளகு, சர்க்கரை எல்லாமே அந்த வீட்டில் சளி டப்பாவில்தான். விவரம் தெரிந்த விருந்தாளிகள் தங்களுக்குச் சர்க்கரை ஆகாது என்று சொல்லிவிடுவார்கள்.

அவருக்கு ஊரில் 'நாக்கு சார்' என்று பெயர். சைக்கிளில் மருந்துப் பையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வருகிற வேலை இல்லை அது. கண்ணெதிரே விழுங்க வைக்க வேண்டும். விழுங்கினால் மட்டும் போதாது. "ஆ காட்டு. நாக்கைத் தூக்கு. இந்தக் கன்னம். அந்தக் கன்னம். சரி, போ." மாதக்கணக்கில், ஒரு நாள் விடாமல். டி.பி. மாத்திரை போட்ட கொஞ்ச நாளில் இருமல் குறையும், பசி எடுக்கும், ஆள் தேறிவிட்டதாக நினைத்து நிறுத்திவிடுவான். நிறுத்தினால் நோய் முறுக்கிக்கொண்டு திரும்பும். அப்புறம் மாத்திரைக்கு மசியாது. பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டவனுக்கும் அந்த மசியாத நோயேதான் தொத்தும். அதற்காகத்தான் நாக்குக்கு அடியில் பார்ப்பது.

வீட்டிலும் அதே சட்டம்தான். சின்ன வயதில் காய்ச்சல் மாத்திரை போட்டால்கூட அண்ணனும் அவளும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். "சரி, போய் விளையாடு" என்பார். அந்தச் 'சரி'யை வாங்காமல் இருவரும் இடத்தை விட்டு நகர்ந்ததில்லை.

அப்படிப்பட்ட மனுஷர்.

காலையில் தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். "மாத்திரையெல்லாம் ஒழுங்கா உள்ள போச்சாம்மா?"

"ஒரு வேளை விட்டதில்ல டாக்டர்."

"அப்புறம் எப்படி? நாலு மாசத்துல மூணு தடவை டோஸை ஏத்திட்டேன். பிரஷர் எறங்கவே இல்லையே. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு." அவர் தன்னுடைய கருவியின் மேலேயே சந்தேகப்பட்டு, சின்னவளின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "கருவி சரியாத்தான் இருக்கு. உங்களுக்கும் ஏறியிருக்கு. இதைத் தள்ளிப் போடாதீங்க, இன்னைக்கே ஆரம்பிங்க" என்று ஒரு சீட்டை எழுதிக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

ஒரு வேளை விட்டதில்லை என்று அவள் சொன்னது பெருமையோடுதான். அந்தப் பெருமைக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் அண்ணன் வந்திருந்தபோது, அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று ஒற்றைக் காலில் நின்றான். அங்கே நர்ஸ் இருக்கிறாள், வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்து விழுங்குகிறாரா என்று பார்ப்பாள், நீ ஆபீஸுக்குப் போய்விட்டால் இங்கே யார் பார்ப்பது என்றான். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பாத்துக்கறேன்" என்று சின்னவள்தான் குறுக்கே விழுந்தாள். "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பொறுப்பு உன்னுது" என்றான் அண்ணன். "என்னுதுதான்" என்றாள்.

அன்றிலிருந்து காலையில் இரண்டு, ராத்திரி ஒன்று. தானே உறையைக் கிழித்து, உள்ளங்கையில் வைத்து, தண்ணீரோடு கொடுப்பாள். அவர் வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுப்பார். தொண்டை அசைவதுகூடத் தெரியும். டோஸ் ஏற ஏறச் சாப்பாட்டில் உப்பைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கடைசி இரண்டு மாதம் உப்பே கிடையாது. தனித்தனியாகச் சமைக்க நேரமில்லாததால் அவளுக்கும் அதேதான். "நல்லா இருக்கு" என்று சாப்பிட்டார். உப்பில்லாத சாப்பாட்டை ஒரு மனுஷர் நல்லா இருக்கு என்று சொன்னால் எங்கேயோ இடிக்கிறது என்று அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். அவளுக்குத் தட்டவில்லை.

சளி டப்பா நிறைந்து, இன்னொன்றிலும் பாதி வந்தது. எலக்ட்ரீஷியன் மூடியைத் திருகி அவள் கையில் கொடுத்துவிட்டு, கடைக்குப் போய் வருகிறேன், ஏதாவது வேண்டுமா என்று கேட்டான். டாக்டர் சீட்டை நினைவில்லாமலே அவனிடம் நீட்டினாள்.

பத்து மணிக்குக் கண்டக்டர் வந்தார்.

அவர் துக்கத்துக்கு வரவில்லை. சீட்டாட வந்தார். அன்று வியாழக்கிழமை. இரண்டு வருஷமாக வியாழக்கிழமைதோறும் பத்து மணிக்கு, சட்டைப் பையில் சீட்டுக்கட்டோடு வந்துவிடுவார். சின்னவள் வாராந்தர விடுமுறையை வியாழனுக்கு மாற்றி வாங்கியிருந்ததால் இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுப்பாள். இருவரும் கூச்சமில்லாமல் ஏமாற்றி விளையாடுவார்கள். இன்று வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் கண்டக்டர் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்து வெளியே துருத்திக்கொண்டிருந்த சீட்டுக்கட்டை உள்ளே அழுத்தினார்.

பெஞ்சின் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் தாழ்வாரத்துக்குப் போனார்.

முப்பத்திநாலு வருஷத்துக்கு முன்னால் அவரும் ஒரு நோயாளி. அப்போது அவருக்கு இருபத்தேழு வயது, டவுன் பஸ்ஸில் கண்டக்டர். மாத்திரை போட்டால் குமட்டுகிறது, நின்றுகொண்டு டிக்கெட் கிழிக்க முடியவில்லை என்று, நாக்கு சாரையே ஏமாற்றக் கற்றுக்கொண்டார். மேல் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குவார். நோய் முறுக்கிக்கொண்டது. ஒரு நடைக்கு அறுபது பேர், ஒரு நாளைக்குப் பதினாலு நடை, நடுவில் நின்று இருமுகிறவர். அப்பா மேலிடத்தில் எழுதி, உத்தரவு வாங்கி, இரண்டு போலீஸ்காரர்களோடு வண்டியில் போய் டெப்போ வாசலிலேயே அவரை ஏற்றித் தனி வார்டில் போட்டார். எட்டு மாதம். அங்கேயும் கண்டக்டர் மாத்திரையைக் கட்டில் குழாய்க்குள் போட்டார். அப்பா பேனாவால் குழாயைத் தட்டி, சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தார்.

எட்டு மாதத்துக்கு நடுவில் கண்டக்டரின் அம்மா இறந்துபோனாள். கடைசியாக ஒரு தடவை முகத்தைப் பார்க்க விடுங்கள் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அப்பா விடவில்லை. தானே போய், மகன் நிற்க வேண்டிய இடத்தில் நின்று தோள் கொடுத்துவிட்டு, நேராக வார்டுக்கு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, யார் யார் வந்தார்கள், அம்மாவுக்கு என்ன நிறத்தில் துணி போர்த்தியிருந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். கண்டக்டர் அவர் முகத்தில் காறித் துப்பினார். அப்பா துடைத்துக்கொண்டு, "வீணாக்காத. டப்பாவுல துப்பு. இன்னைக்குப் பரிசோதனைக்கு அனுப்பணும்" என்றாராம்.

அன்று சாயங்காலம் அப்பா சாப்பிடவில்லை. சின்னவளுக்கு அப்போது பதினெட்டு வயது, நியாயம் கேட்கிற வயது. "பெத்த தாயைப் பாக்கக் கூடவாப்பா விடக் கூடாது?" என்று சண்டைக்குப் போனாள்.

"அந்த வீட்ல ரெண்டு கைக்குழந்தை இருக்கு. துக்கத்துக்கு நூறு பேர் வந்திருந்தாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் உசிரு அவன் இஷ்டம். அவன் இருமல் அப்படி இல்ல" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

தாழ்வாரத்திலிருந்து டங் என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னவள் எழுந்து போனாள். கண்டக்டர், சாய்த்து வைத்திருந்த கட்டிலின் தலைமாட்டுக் குழாயை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலிக் குழாய்ச் சத்தம். மூடி இல்லாத வாயில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பாத்துட்டியாம்மா" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"குழாய் துருப்பிடிச்சு மூடி இறுகிப் போயிருந்துச்சு. அடுத்த வாரம் வர்றப்ப ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வான்னாரு. நான்தான் நெம்பி விட்டேன்."

"எப்ப?"

"நாலு மாசம் இருக்கும்."

"நாலு மாசமா வாராவாரம் என் கையால டீ வாங்கிக் குடிச்சீங்களே அண்ணே."

"குடிச்சேம்மா."

"ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா? பழி வாங்கிட்டீங்களா எங்கப்பாவை?"

கண்டக்டருக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே பல தடவை கேட்டுப் பார்த்தவர் மாதிரி நின்றார். "அப்படி நினைச்சுத்தான் முதல் தடவை இந்த வீட்டுப் படியேறினேன். பென்ஷன் வந்ததும் முதல் வேலையா இவரை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுடணும்னு வந்தேன். வந்து பாத்தா ஆளு நாற்காலியிலேருந்து எழுந்திரிக்கவே ஆள் தேடுறாரு. எதைக் கேக்கறது?"

"அதனால சாகட்டும்னு விட்டுட்டீங்க."

"சொல்லிடலாம்னு ரெண்டு தடவை சமையக்கட்டு வரைக்கும் வந்தேம்மா. சொன்னா நீ என்ன பண்ணுவ? வாயைத் திறக்கச் சொல்லுவ. நாக்கைத் தூக்கச் சொல்லுவ. அவரும் தூக்குவாரு, உனக்காக. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எட்டு மாசம் தெரியும்."

உள்ளே எதிர்வீட்டு டெய்லரம்மா யாருக்கோ நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்தாராம், வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டதாம், அரை மணி நேரம்கூட இல்லையாம்.

"ஏன் போட மாட்டேன்னாரு?"

"அந்த மஞ்ச மாத்திரை போட்டா தலைக்குள்ள ஈரத்துணியைப் போட்டு மூடின மாதிரி இருக்காம். எந்தச் சீட்டை இறக்கினோம்னே ஞாபகம் இருக்கிறதில்ல. நீ பேசினா பாதிதான் காதுல விழுதாம்." கண்டக்டர் தயங்கினார். "அப்புறம் அந்த வெள்ளை மாத்திரை. ராத்திரியில அடக்க முடியலையாம். எம் மக எழுந்து வந்து விரிப்பு மாத்துறா, பேசாம மாத்திட்டுப் போறா, அதுக்குப் பதில் ரெண்டு திட்டு திட்டலாம்னாரு."

படுக்கை நனைவது நின்றுபோனதும் நாலு மாதத்துக்கு முன்னால்தான். மாத்திரை வேலை செய்கிறது என்று அவள் டாக்டருக்கு நன்றி சொன்னாள். அப்பா தெளிந்திருந்தார். மாடிப்படி இறங்கி, பஸ் ஸ்டாப் வரைக்கும் தனியாகப் போய் வந்தார். ஆபீஸில் யார் யாருக்கு ஆகாது என்பதுவரை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவள் வந்ததும் வராததுமாக, "இன்னைக்கு என்ன, சீல் குத்துறவன் பேசினானா?" என்று விசாரித்தார். ஒருநாள் இருவரும் சிரித்துச் சிரித்து டெய்லரம்மா வந்து எட்டிப் பார்த்தாள். வருஷக்கணக்கில் அவளுக்கு அப்படி ஒரு நாலு மாதம் வாய்த்ததில்லை. அதற்குத்தான் இப்போது அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"நீங்க அவர்கிட்ட ஒண்ணுமே கேக்கலையா?"

"கேக்காம இருப்பேனா? என்னை வண்டியில தூக்கிப் போட்டீங்களே, இப்ப உங்களை யாரு தூக்கிப் போடறதுன்னு கேட்டேன். சிரிச்சாரு. 'உன்னுது ஊருக்கே தொத்தும்டா. என்னுது யாருக்கும் தொத்தாது. என்னோட போயிடும்'னாரு."

"தொத்தாதாமா?" சின்னவளின் குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே பேச்சு சட்டென்று நின்றது. அவள் குரலை அடக்கிக்கொண்டாள். அடக்கியதும் அழுகை வந்தது. "ரெண்டு மாசமா நானும்தான் உப்பில்லாமச் சாப்பிட்டேன். டாக்டர்கிட்ட தலை நிமிந்து ஒரு வேளை விட்டதில்லைன்னு சொன்னேன். இப்ப எங்கண்ணன் வருவான், கேப்பான். நான் பாத்துக்கறேன்னு இந்த வாயாலதான் சொன்னேன். இனிமே நான் படுத்தா தூக்கம் வருமா அண்ணே? யாருக்கும் தொத்தாதாமா?"

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "அதையும் கேட்டேம்மா. உங்க மகளுக்குன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"சீட்டைக் கலைச்சாரு. ரொம்ப நேரம் கலைச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் போட்டாரு."

ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் வயசானவர்கள். டி.பி. ஆபீஸில் கூட வேலை பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர். அதற்கு மேல் அவளுக்கு முகம் தெரியாதவர்கள். ஒரு கிழவர் பெஞ்சின் அருகில் வந்து நின்று, யாரும் கேட்காமலே, "ஆறு மாசம் தினம் என் வாயைப் பாத்தாரு. பெத்தவகூட அவ்வளவு பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டினாரா, புகழ்ந்தாரா என்று யாருக்கும் புரியவில்லை.

ஒரு மணிக்கு அண்ணன் வந்தான். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். நரைத்த மீசை துடித்தது. பயணக் களைப்பு, துக்கம், எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாத தடுமாற்றம். அந்த மாதிரி நேரத்தில் அவனுக்குக் கேள்வி கேட்கத்தான் வரும்.

"வர்ற வழியில டாக்டரைப் பாத்தேன். மூணு தடவை டோஸை ஏத்தியும் எறங்கலைன்னு அவருக்கே புரியலையாம். நீ ஒழுங்கா குடுத்தியா?"

கூடத்தில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "தம்பி, அது வந்து..."

"அண்ணே, உக்காருங்க. டீ ஆறுது" என்றாள் சின்னவள்.

அவருக்கு எப்போது டீ கொடுத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஆனால் நாற்காலிக்குப் பக்கத்தில் கப் இருந்தது. கண்டக்டர் அவளைப் பார்த்தார். உட்கார்ந்தார். கப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஒரு வேளை விட்டதில்லை என்று இன்னொரு தடவை சொல்லிவிடலாம். சொன்னால் அப்பா ஒழுங்காக மாத்திரை போட்டுச் செத்த ஒரு கிழவராகப் போய்ச் சேருவார். அவர் அப்படிப் போகவில்லை. அவள் அறைக்குள் போய் இரண்டு சளி டப்பாக்களையும் எடுத்து வந்து அண்ணன் கையில் வைத்தாள்.

அவன் மூடியைத் திறந்து பார்த்தான். "என்ன இது?"

"குடுத்தேன். வாயில போட்டாரு, தண்ணி குடிச்சாரு. முழுங்கல. கட்டில் குழாயில போட்டு வெச்சிருந்தாரு."

அண்ணன் ஒரு மாத்திரையை விரலால் தள்ளிப் பார்த்தான். கரைந்து காய்ந்த ஓரத்தைப் பார்த்தான். கொஞ்சமும் யோசிக்காமல் அவன் வாயிலிருந்து வந்தது. "நாக்கைத் தூக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"யாரை?" என்றாள் சின்னவள். "அப்பாவையா?"

இரண்டு பேரும் பெஞ்சைப் பார்த்தார்கள். தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி, உச்சந்தலையில் சின்ன முடிச்சாக இருந்தது. வாய் இறுக மூடியிருந்தது.

"இல்லத்துல இருந்தா நர்ஸ் சொல்லியிருப்பா" என்றான் அண்ணன். குரலில் பழைய அதிகாரம் இல்லை.

"சொல்லியிருப்பா."

"இன்னும் ரெண்டு மூணு வருஷம் இருந்திருப்பாரு."

"இருந்திருப்பாரு."

அவள் மறுத்துப் பேசுவாள் என்று அவன் எதிர்பார்த்திருப்பான். அவன் சொன்னது உண்மைதான். டப்பாவை மூடித் திருகினான். சரியாகப் பொருந்தாத மூடி, இரண்டு தடவை வழுக்கியது. "இதையெல்லாம் கழிச்ச டப்பான்னு அப்பவே சொன்னேன், கேட்டாரா" என்றான். சொல்லிவிட்டுத்தான் பெட்டியைக் கீழே வைத்தான், முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். வண்டி தெருமுனை வரைக்கும்தான் வரும், அதுவரை தூக்க வேண்டும். முன்னால் வலது பக்கம் அண்ணன், பின்னால் எலக்ட்ரீஷியனும் அவன் தம்பியும். முன்னால் இடது பக்கத்துக்கு ஆள் தேடுவதற்குள் கண்டக்டர் யாரையும் கேட்காமல் போய்க் குனிந்துவிட்டார். அறுபது தாண்டியவர், நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. யாரோ மாற்றிக்கொள்ள வந்தபோது தோளை விட்டுக்கொடுக்கவில்லை. தெருமுனையில் இறக்கி வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் மூச்சு வாங்கினார்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கூட்டம் கலைந்தது. டெய்லரம்மா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுப்பில் கஞ்சி இருக்கிறது, கொஞ்சமாவது குடி என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த நாற்காலியிலேயே தூங்கிப்போனான். எலக்ட்ரீஷியன் கட்டிலைத் திரும்ப அறைக்குள் கொண்டுவந்து பழைய இடத்திலேயே போட்டான். கறுப்பு மூடியைத் தேடிக் கண்டுபிடித்து, குழாயின் மேல் வைத்து உள்ளங்கையால் ஓர் அடி அடித்தான். போகும்போது, "அக்கா, உங்க மாத்திரை. மேஜையில வெச்சிருக்கேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணாம்" என்றான்.

கஞ்சியில் டெய்லரம்மா உப்புப் போட்டிருந்தாள். இரண்டு மாதம் கழித்து நாக்கில் பட்ட உப்பு, முதல் வாயிலேயே சுரீரென்றது. பாதிதான் குடிக்க முடிந்தது.

அறைக்குப் போனாள். மெத்தையைச் சுருட்டிப் போட்டுவிட்டதால் கட்டிலில் வெறும் இரும்புப் பட்டைகள்தான். மேஜை விளக்கைப் போட்டு, உறையைக் கிழித்து, உள்ளங்கையில் தட்டினாள். மஞ்சள் மாத்திரை. அப்பாவுக்குக் கொடுத்த அதேதான், கொஞ்சம் சின்னது. ஈரத்துணி போட்டு மூடின மாதிரி இருக்குமாம். கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. வேண்டாம் என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. அண்ணன் காரியம் முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவான்.

வாயில் போட்டாள். அவருடைய டம்ளரிலேயே தண்ணீரைக் குடித்தாள். விழுங்கினாள்.

பிறகு டம்ளரை வைத்துவிட்டு, கட்டிலின் பக்கம் திரும்பி நின்று, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.